டி7200 கமராவுக்கு எந்த மெமரி கார்ட்?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. பாவித்த நிக்கோன் டி7200 ஒன்று வாங்கியிருக்கிறார். கார்ட் இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். திருமலை நகரில் ஒரு கடைக்குப் போனால் மூன்று கார்ட்டை மேசையில் பரப்பிக் காட்டினார்களாம். தெரிந்த பெயரில் ஒரு 32 ஜிபி, அதே பெயரில் ஒரு 64, அப்புறம் கேள்விப்படாத பெயரில், அந்த 64ஐவிட விலை குறைந்த ஒரு 128. அந்த 128இன் முகத்தில் 200 என்று பெரிதாகப் போட்டிருந்ததாம். "எதை எடுக்க? பெரியது ஒன்று காணுமா, சின்னது இரண்டு வேண்டுமா? இந்தக் குறிகளெல்லாம் என்ன? ஆடியில் திமிங்கலம் பார்க்கப் படகில் போகிறேன். ஆவணியில் மச்சாளின் கல்யாணத்துக்கு நான்தான் படம்" என்கிறார்.

தங்கச்சி, சுற்றி வளைக்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்த கம்பனியின் 64 ஜிபி கார்ட் இரண்டு வாங்குங்கள். முகத்தில் வி30 என்ற குறியும், தனியாக ரோமன் எழுத்தில் ஒன்று (I) என்ற எண்ணும் இருக்க வேண்டும். அந்த மலிவு 128ஐக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மிஞ்சும் காசுக்கு நல்ல யூஎஸ்பி 3 ரீடர் ஒன்று, கார்ட்டைச் செருகிக் கணினியோடு இணைக்கிற சின்னக் கருவி. அவசரமென்றால் இதோடு எழும்பிப் போகலாம். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள், கொஞ்சம் நீளும்.

கார்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். 24 மில்லிமீற்றர் அகலம், 32 உயரம், 2.1 தடிப்பு. ஒரு முத்திரை அளவு முகத்தில் ஏழெட்டுக் குறிகளை நெருக்கி அச்சடித்திருப்பார்கள். அதில் மிகப் பெரிதாக இருப்பது கொள்ளளவு, அடுத்த பெரியது வேகம். இந்த இரண்டாவது எண்ணில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 200, 170, 95 என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். கார்ட்டிலிருந்து கணினிக்குப் படங்களை இறக்கும்போது, நல்ல ரீடரில், எல்லாம் கூடிவந்தால் விநாடிக்கு அத்தனை எம்பி வரும் என்று அர்த்தம். உங்கள் கமராவுக்குள் நடப்பது எழுதும் வேலை. எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. அதைப் பெட்டியின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில் எழுதியிருப்பார்கள். சில கம்பனிகள் எழுதுவதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டி7200இன் கார்ட் துளைகள் யூஎச்எஸ்-1 என்ற வகை, கார்ட்டின் முகத்தில் ரோமன் ஒன்று பார்க்கச் சொன்னது இதற்குத்தான். அந்த வகையின் உச்சமே விநாடிக்கு 104 எம்பிதான். 200 எம்பி என்று எழுதிய யூஎச்எஸ்-1 கார்ட் அந்த வேகத்தைத் தொட, அதே கம்பனியின் ரீடரோ அதற்கு ஒத்துப்போகும் ரீடரோ வேண்டும், ஏனென்றால் அது பொது விதிக்கு வெளியே கம்பனிகள் செய்துகொண்ட ஏற்பாடு. உங்கள் கமராவுக்குள் 200 என்பது ஒருநாளும் நடக்காது. அது கடையின் கண்ணாடி அலுமாரிக்காக எழுதிய எண்.

சில கார்ட்டில் எம்பிக்குப் பதிலாக 633, 1066 என்று எழுதிப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கும். அது பழைய சிடி காலத்துக் கணக்கு. சிடியின் ஆரம்ப வேகம் விநாடிக்கு 150 கேபி. 633 என்றால் அதன் 633 மடங்கு, ஏறத்தாழ 95 எம்பி. 1066 என்றால் 160. இதுவும் படிக்கும் வேகம்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது சின்னக் குறிகளை. ஒரு வட்டம் போன்ற சி எழுத்துக்குள் 10 இருக்கும். வாளி போன்ற யூ எழுத்துக்குள் 1 அல்லது 3 இருக்கும். அப்புறம் வி எழுத்தோடு 10, 30, 60, 90 என்று ஏதாவது. இவையெல்லாம் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன: தொடர்ந்து எழுதும்போது வேகம் இதற்குக் கீழே இறங்காது. சி10, யூ1, வி10 மூன்றுக்கும் அந்த அடிமட்டம் விநாடிக்கு 10 எம்பி. யூ3, வி30 இரண்டுக்கும் 30. இவை எஸ்டி சங்கம் வகுத்த குறிகள், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற அமைப்பு அது. பெரிய எண் எவ்வளவு உச்சத்துக்குப் போகும் என்று சொல்கிறது, சின்னக் குறி எவ்வளவு தாழ்ந்தாலும் எங்கே நிற்கும் என்று சொல்கிறது. கல்யாண வீட்டில் எனக்கு இரண்டாவதுதான் உதவியிருக்கிறது.

வி60, வி90 வேண்டுமா என்றால் வேண்டாம். அவை யூஎச்எஸ்-2 வகை. கார்ட்டைத் திருப்பிப் பாருங்கள், வழக்கமான ஒன்பது தங்கநிறப் பட்டைகளுக்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தால் அது யூஎச்எஸ்-2. முகத்தில் ரோமன் இரண்டு போட்டிருக்கும். உங்கள் கமராவில் போட்டால் வேலை செய்யும், ஆனால் அந்த இரண்டாவது வரிசையைத் தொடுவதற்குக் கமராவில் ஒன்றும் இல்லை. இரட்டை வழிச் சாலைக்குக் காசு கட்டிவிட்டு ஒற்றையடிப் பாதையில் போகிற கதை. ஏ1, ஏ2 என்ற குறிகள் போனுக்குள் செயலிகளை ஓடவிடுவதற்கானவை. கமராக்காரருக்கு அவற்றால் ஒன்றும் இல்லை.

எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி என்ற பெயர்களைப் பற்றியும் ஒரு வரி. எஸ்டி கார்ட்டை 1999இல் சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தொஷிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தன. மட்சுஷிட்டாதான் இன்றைய பனசொனிக். பழைய எஸ்டி 2 ஜிபியோடு நின்றுவிடும். 2006இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை, 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேலே 2 டிபி வரை. டி7200 எல்லாவற்றையும் ஏற்கும். வீட்டில் அண்ணனின் மிகப் பழைய கமரா ஏதாவது இருந்து அதற்கும் இதே கார்ட்டைப் போடலாம் என்று நினைத்தால் மட்டும் கவனம், எஸ்டிஎக்ஸ்சிக்கு முந்திய கமராக்களுக்கு 64 ஜிபி பெரும்பாலும் ஒத்துவராது.

சரி, வேகம் உண்மையில் எங்கே தேவைப்படுகிறது? உங்கள் திமிங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். நம் துறைமுக வாசலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. ஆழம் கரைக்கு அவ்வளவு கிட்ட வருவதால்தான் நீலத் திமிங்கலம் பார்க்க நாங்கள் நாள்கணக்கில் கடலோட வேண்டியதில்லை. ஆனால் படகில் ஏறினால் காத்திருப்புத்தான். ஒரு மணித்தியாலம் வெறும் கடல், பிறகு ஒரு மூச்சுத் தூவானம், முதுகு, அதிர்ஷ்டம் இருந்தால் மூழ்கும்போது வால் மேலே வரும். அந்த வால் தண்ணீருக்கு வெளியே நிற்பது சில விநாடிகள். நீங்கள் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

அப்போது கமராவுக்குள் நடப்பது இதுதான். எடுக்கிற படங்கள் நேரே கார்ட்டுக்குப் போவதில்லை. முதலில் கமராவின் உள்நினைவில் வரிசையாக நிற்கும், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கார்ட்டுக்கு இறங்கும். டி7200இல் முழுத்தர ரோ, அதாவது கமரா பிடித்ததை அப்படியே வைத்துப் பிறகு கணினியில் திருத்த விடுகிற பெரிய கோப்பு, எடுத்தால் ஒரு படம் ஏறத்தாழ 28 எம்பி. அப்படிப் பதினெட்டுப் படம் வரைதான் அந்த வரிசை தாங்கும். மூன்று நான்கு விநாடியில் நிரம்பிவிடும். நிரம்பியதும் கமரா திக்குவாய் மாதிரி ஒன்று, ஒன்று என்று எடுக்கத் தொடங்கும். அந்தப் பதினெட்டுப் படமும் சேர்ந்து 500 எம்பி. விநாடிக்குப் பத்து எம்பி எழுதும் கார்ட் என்றால் வரிசை முழுதாகக் காலியாக ஐம்பது விநாடி. அறுபது எம்பி எழுதுவதென்றால் எட்டு ஒன்பது விநாடி. ஐம்பது விநாடியில் திமிங்கலம் கொட்டியாரக்குடாப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும் என்று எங்கள் படகோட்டி சொல்வார். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்க, கமரா கையில் செத்துப்போய்க் கிடப்பதை அனுபவித்தவருக்குத் தெரியும்.

திமிங்கலத்துக்கு நான் ரோ எடுப்பதே இல்லை. கமராவே சுருக்கிச் சின்னதாக்கித் தரும் ஜேபெக்கில் போட்டால் இந்தக் கமரா நூறு படம் வரை விடாமல் எடுக்கும். வெயிலில் எடுக்கிற படம், வெளிச்சம் மாறப்போவதில்லை, ஜேபெக்கே போதும். ரோ வேண்டும் என்று தர்க்கம் செய்பவர்கள் செய்யட்டும்.

வீடியோவுக்கு வேகம் வேண்டுமே என்று கேட்பீர்கள். டி7200 எடுப்பது முழு எச்டி. அதன் ஆகக்கூடிய தரத்தில் விநாடிக்கு 42 மெகாபிட். பிட்டை எட்டால் வகுத்தால்தான் பைட் வரும், ஆக 5 எம்பி சொச்சம். சி10 கார்ட்டே இதன் இரண்டு மடங்கைத் தாங்கும். 4கே எடுக்கும் கமராக்களில்கூட 100 மெகாபிட் என்றால் 12.5 எம்பிதான், வி30க்குள் வசதியாக அடங்கும். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு வி90க்குக் காசைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கொள்ளளவு. ரோ மட்டும் எடுத்தால் 64 ஜிபியில் சுமார் 2,000 படம். நல்ல தர ஜேபெக் என்றால் 5,000 அளவில். வீடியோ ஆகக்கூடிய தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 19 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு நான் எடுப்பது ஆயிரத்துச் சொச்சம். புதிதாகத் தொடங்குபவர்கள் பயத்தில் இரண்டாயிரம் எடுப்பார்கள், அதுவும் அடங்கும். கணினியில் போட்டதும் 64க்குப் பதிலாக 59.6 என்று காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

ஏன் ஒரே 128 வேண்டாம், இரண்டு 64 என்கிறேன் என்றால், உங்கள் கமராவுக்கு இரண்டு துளை இருக்கிறது. இந்த விலைக்கு இந்தக் கமராவை எடுத்ததில் நீங்கள் செய்த நல்ல காரியம் அதுதான். படப்பிடிப்பு மெனுவில் இரண்டாவது கார்ட் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் மூன்று வழி. ஒன்று நிரம்பியதும் மற்றதற்குப் போவது, ஒரே படத்தை இரண்டிலும் எழுதுவது, ரோ ஒன்றில் ஜேபெக் மற்றதில். திமிங்கலத்துக்கு முதலாவதைப் போடுங்கள். மச்சாளின் கல்யாணத்துக்கு இரண்டாவதை. தாலி கட்டுவது ஒருமுறைதான், மாப்பிள்ளையிடம் இன்னொருமுறை கட்டுங்கோ என்று கேட்க முடியாது. ஒரு கார்ட் செத்தாலும் மற்றதில் முழுக் கல்யாணமும் இருக்கும். இரண்டிலும் எழுதும்போது கமரா மெதுவான கார்ட்டின் வேகத்துக்கு இறங்கும், அதனால் இரண்டையும் ஒரே மாதிரியாக வாங்குங்கள்.

இனி அந்த மலிவு 128. இங்கேதான் எனக்கு வாய் நீளும், ஏனென்றால் நான் அடிபட்ட இடம்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தம்பலகாமத்தில் ஒரு சாமத்திய வீடு. முதல்நாள் மாலை ஒரு கடையில் 64 ஜிபி கார்ட் ஒன்றைப் பாதி விலைக்குக் கண்டேன். உறை, எழுத்து, நிறம் எல்லாம் அச்சொட்டாக அசல் மாதிரி. கமராவில் போட்டேன், 64 என்று காட்டியது, ஃபோமட் ஆனது, நாலு படம் எடுத்துப் பார்த்தேன், சரி. அடுத்தநாள் காலை பிள்ளையைத் தண்ணீர் வார்க்க அழைத்துப்போனதிலிருந்து எடுத்தேன். எடுத்த கணத்தில் எல்லாம் திரையில் தெரிந்தது. இரவு வீட்டுக்கு வந்து இறக்கினால் ஏறத்தாழ முன்னூறு படம் வரை ஒழுங்காக இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாக் கோப்புக்கும் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறந்தால் சாம்பல் நிறம். ஆலாத்தி, பெரியவர்கள் ஆசீர்வதித்தது, பிள்ளை அம்மம்மாவோடு நின்றது எல்லாம் போச்சு. வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போலிக் கார்ட் எப்படி வேலை செய்கிறது என்று பிறகுதான் படித்தேன். உள்ளே இருப்பது உண்மையில் 8 ஜிபி சிப். அதை நடத்துகிற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்பில் கைவைத்து, யார் கேட்டாலும் 64 என்று சொல் என்று பழக்கிவிடுவார்கள். கமராவும் கணினியும் அதைக் கேட்டுத்தான் அளவைக் காட்டுகின்றன, தாங்களாக அளந்து பார்ப்பதில்லை. 8 ஜிபி நிரம்பும்வரை எல்லாம் சரி. அதற்கு மேலே எழுதுவது ஒன்றில் காற்றில் போகும், இல்லாவிட்டால் பழையதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்ட்டின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர்கள் மட்டும் பத்திரமாக இருக்கும். என் கணக்கும் அப்படியே பொருந்தியது. 25 எம்பி வீதம் முன்னூறு படம், 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு.

ஆகவே நாலு படம் எடுத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. கடைசி வரை நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் சோதனை. அதற்கு விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலி இருக்கிறது. ஜேர்மனியில் செய்தது, திறந்ததும் ஜேர்மன் மொழியில் நிற்கும், பக்கத்திலேயே ஆங்கிலத்துக்கு மாற்றலாம். மக், லினக்ஸ் என்றால் எஃப்3. வெறுமையான கார்ட்டை ரீடரில் போட்டு ஓடவிடுங்கள். அது ஒவ்வொரு ஜிபியாகத் தனக்குத் தெரிந்த தரவை எழுதிக்கொண்டே போய்க் கார்ட்டை நிரப்பும், பிறகு முதலிலிருந்து படித்து ஒப்பிடும். நல்ல ரீடரில் 64 ஜிபிக்கு அரை மணித்தியாலம் சொச்சம், பழைய ரீடரில் ஒரு மணித்தியாலம் தாண்டும். பிழையில்லை என்று முடிந்தால் கார்ட் உண்மையானது. எழுதும் வேகத்தையும் கூடவே சொல்லிவிடும், கம்பனி மறைத்த எண் உங்கள் கைக்கு வந்துவிடும். போலியாக இருந்தால் எத்தனை ஜிபி நல்லது, எத்தனை ஜிபி தொலைந்தது என்று பிரித்துக் காட்டும்.

புதிய கார்ட் எதுவானாலும், எவ்வளவு பெரிய கடையில் வாங்கியதானாலும், நான் இதைச் செய்யாமல் கமராவுக்குள் விடுவதில்லை. கடைக்காரருக்கே தெரியாமல் போலி வந்து சேருவதும் உண்டு, எல்லாரையும் கள்ளர் என்று சொல்ல முடியாது. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "அண்ணா, சோதனை செய்து பார்த்துப் பிழையென்றால் மாற்றித் தருவீங்களா?" முகம் மாறாமல் ஓம் என்று சொல்லி பில்லும் எழுதித் தருகிறவரிடம் வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி விடலாம், பம்பலப்பிட்டிப் பக்கம் கமராப் பொருள் விற்கும் கடைகள் இருக்கின்றன. சான்டிஸ்க், சாம்சங், கிங்ஸ்டன், லெக்சார், சோனி, ட்ரான்சென்ட் எதுவும் எனக்குச் சம்மதம். அசலாக இருந்தால் இவற்றுக்குள் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. அதிகம் போலி வருவதும் அதிகம் விற்கிற பெயரில்தான், அதை மறக்காதீர்கள்.

போனுக்கு வாங்கிய மைக்ரோ எஸ்டியை அடப்டரில் செருகிக் கமராவுக்குப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. போடலாம், வேலை செய்யும், நான் போடமாட்டேன். கார்ட்டுக்கும் கமராவுக்கும் நடுவே இன்னொரு பொருத்து வருகிறது. அடப்டர் கொஞ்சம் தளர்ந்தாலே கமரா கார்ட் இல்லை என்கும். புறாத்தீவில் பவளப்பாறை எடுக்கத் தண்ணீருக்குள் போகிற சின்ன அக்சன் கமராக்களுக்கு மைக்ரோ எஸ்டிதான் வேண்டும், அதற்கு யூ3 அல்லது வி30 பார்த்து வாங்குங்கள், அது வேறு கதை.

புறாத்தீவு என்றதும் உப்புத்தண்ணீர் ஞாபகம் வருகிறது. நிலாவெளியிலிருந்து படகில் போகும்போது என் மருமகனின் சட்டைப்பைக்குள் ஒரு கார்ட். இறங்கும்போது இடுப்பளவு தண்ணீர். கார்ட்டும் குளித்துவிட்டது. எஸ்டி கார்ட்டுக்குள் அசையும் பாகம் ஒன்றும் இல்லை, தண்ணீர் அதை இலேசில் கொல்லாது. கொல்வது காய்ந்த பிறகு பட்டைகளில் படிந்து அரிக்கும் உப்பும், ஈரத்தோடு கமராவுக்குள் தள்ளுகிற அவசரமும். போத்தலில் இருந்த குடிதண்ணீரால் வடிவாகக் கழுவி, துடைத்து, இரண்டு நாள் காற்றாட வைத்தோம். படங்கள் எல்லாம் இருந்தன. நம் ஊரில் கார்ட் கடலில் விழவேண்டும் என்றுகூட இல்லை, கடற்காற்றே போதும். பட்டைகளை விரலால் தொடாதீர்கள். சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள், அதோடு வருகிறதைத் தூக்கி எறியாதீர்கள். வெயிலுக்குப் பயப்படத் தேவையில்லை, பெரும்பாலான கார்ட்கள் 85 பாகை வரை வேலை செய்யும் என்றுதான் கம்பனிகள் சொல்கின்றன.

பக்கவாட்டில் பூட்டு என்று ஒரு குட்டிப் பிளாஸ்டிக் இருக்கிறதே, அது கார்ட்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று கமரா தடவிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அது உடைந்து விழுந்தால் கார்ட் எப்போதும் பூட்டியதாகவே கமராவுக்குத் தோன்றும். அந்தப் பள்ளத்தில் மெல்லிய செலோடேப் துண்டு ஒன்றை ஒட்டினால் வேலை முடியும், ஆனால் அப்படி ஒட்டிய கார்ட்டைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். டேப் உள்ளே சுருண்டால் கார்ட் வெளியே வராது.

பாவனையில் இரண்டு மூன்று விடயம். படங்களைக் கணினியில் வைத்து அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி எடுத்தபின் கமராவிலேயே ஃபோமட் செய்யுங்கள். உங்கள் கமராவில் சிவப்பு நிறத்தில் ஃபோமட் என்று குறித்த இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் எழுத்து மினுங்கும், மினுங்கும்போது இன்னொருமுறை அமுக்கினால் முடிந்தது. எந்தத் துளையில் உள்ள கார்ட் என்று பார்த்துவிட்டு அமுக்குங்கள். விளக்கு எரியும்போது கார்ட் கதவைத் திறக்காதீர்கள். கல்யாண வீட்டில் கார்ட் முழுதாக நிரம்பும்வரை விடாதீர்கள். நூறு நூற்றைம்பது படத்துக்கு இடம் இருக்கும்போதே, ஐயர் மந்திரத்தை நீட்டுகிற ஒரு நேரம் பார்த்து மாற்றிவிடுங்கள். கெட்டிமேளம் முழங்கும்போது கார்ட் கதவைத் திறந்துகொண்டு நின்றவன் சொல்கிறேன்.

தவறி அழித்துவிட்டால், அல்லது தவறி ஃபோமட் செய்துவிட்டால், பதறாதீர்கள். அதே கணத்தில் கமராவை நிறுத்திக் கார்ட்டை வெளியே எடுங்கள். அதன் பிறகு ஒரு படம்கூட எடுக்காதவரை பெரும்பாலானவை அங்கேதான் கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவசச் செயலி அவற்றைத் தோண்டி எடுக்கும். பார்க்க அழகாக இராது, கறுப்புத் திரையில் எழுத்துத்தான், ஆனால் வேலைக்காரன். மீட்பதைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்ட்டில் வேண்டாம். போலிக் கார்ட்டில் காற்றில் போனதை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன்.

ரீடருக்கு ஏன் காசு ஒதுக்கச் சொன்னேன் என்றால், பழைய யூஎஸ்பி 2 ரீடர் விநாடிக்கு முப்பது நாற்பது எம்பியைத் தாண்டாது. நிரம்பிய 64 ஜிபியை இறக்க அரை மணித்தியாலம். யூஎஸ்பி 3 என்றால் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் முடியும். லப்டொப்பிலும் யூஎஸ்பி 3 துளை இருக்கிறதா என்று பாருங்கள், உள்ளே நீல நிறம் பெரும்பாலும் அடையாளம்.

கடைசியாக, பாவித்த கமரா என்பதால் ஒரு விடயம். நிக்கோன் மெனுவில், கார்ட் இல்லாதபோது ஷட்டரைப் பூட்டவா விடவா என்று ஒரு தெரிவு இருக்கிறது. விட்டுவிடு என்று இருந்தால் கார்ட் இல்லாமலும் கமரா டக் டக் என்று அடிக்கும், படம் திரையிலும் தெரியும், ஓரத்தில் டெமோ என்று மட்டும் காட்டும். முன்பு வைத்திருந்தவர் எப்படி விட்டிருக்கிறாரோ தெரியாது. கோணேசர் கோயில் அடிவாரத்தில் மான்களை அப்படி ஒரு காலைப்பொழுது முழுக்க எடுத்திருக்கிறேன், கார்ட் வீட்டில் லப்டொப்பில் கிடந்தது. பூட்டு என்று மாற்றி வையுங்கள்.